எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு முன்காப்பு ஆன்டிபாடி: குடும்பமாக எப்படி முடிவெடுப்பது?

(நமது சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலவாழ்வு நிகழ்ச்சியில், மருத்துவமனை மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் மகளிர் அணியினர் என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டார்கள். "நம் உறுப்பினர் குடும்பங்களில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள், லூப்பஸ் உள்ளவர்கள் இருக்கிறார்கள், வாத மூட்டழற்சிக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசி வேலை செய்யாதவர்களுக்கு ஆன்டிபாடியையே ஊசியாகப் போடலாம் என்று கேள்விப்படுகிறோம். அது என்ன? போடலாமா, வேண்டாமா? விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்லன், மருந்தாளர். போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ இங்கிருந்து யாருக்கும் சொல்ல மாட்டேன். மருத்துவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து பேசும்போது எதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கட்டிக்கொடுத்த சோறு

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். தடுப்பூசிக்கும் ஆன்டிபாடி ஊசிக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பழமொழியிலேயே இருக்கிறது. தடுப்பூசி என்பது உடம்புக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது. கிருமியின் அடையாளத்தைக் காட்டினால், உடம்பு தானே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்துகொள்ளும், செய்முறையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆன்டிபாடி ஊசி என்பது வெளியில் சமைத்துக் கட்டிக்கொடுத்த சோறு. உடனே பசியாறலாம். ஆனால் சில மாதங்களில் தீர்ந்துவிடும், உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது.

இது புதிய எண்ணம் அன்று. 1890இல் பெர்லினில் பேரிங், கித்தசாத்தோ என்ற இருவர், நோயை எதிர்த்து நின்ற விலங்கின் ரத்தநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் தொண்டை அடைப்பான் நோயிலிருந்தும் டெட்டனஸிலிருந்தும் அதைக் காக்கலாம் என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது. தாய்க்கு ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி இருந்தால், பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியோடு ஆன்டிபாடி ஊசியும் போடுகிறார்கள். வெறிநாய் கடித்தவருக்கும் அப்படித்தான். ஆக, நம் குடும்பங்களில் சிலர் இதைத் தெரியாமலேயே பெற்றிருப்பார்கள்.

முன்பு இதை மனிதர்களின் அல்லது விலங்குகளின் ரத்தத்திலிருந்துதான் எடுக்க முடிந்தது. 1975இல் கோஹ்லர், மில்ஸ்டீன் என்ற இரு அறிவியலாளர்கள், ஒரே வகை ஆன்டிபாடியை ஆய்வகத்தில் வேண்டிய அளவுக்குச் செய்யும் வழியைக் கண்டார்கள். இன்று நாம் பேசும் மருந்துகள் அந்த வழியில் வந்தவை.

தடுப்பூசி ஏன் சிலருக்குப் பிடிப்பதில்லை?

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்பதற்காக டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கிறோம். லூப்பஸில் உடம்பு தன்னையே தாக்குகிறது. அதை அடக்க பிரெட்னிசோலோன், மைகோஃபெனோலேட், சிலருக்கு ரிட்டுக்ஸிமாப் கொடுக்கிறோம். ரிட்டுக்ஸிமாப் செய்யும் வேலையே ஆன்டிபாடி தயாரிக்கும் வழியில் வரும் 'பி' அணுக்களை அகற்றுவதுதான். அவை திரும்பி வர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். சமையற்காரரை விடுமுறையில் அனுப்பிவிட்டுச் சமையல் குறிப்பை மட்டும் அடுப்படியில் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் அந்த மாதங்களில் போடும் தடுப்பூசியின் நிலை.

2021இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பரிசோதித்தார்கள். இரண்டு தவணை கொவிட் தடுப்பூசிக்குப் பிறகும் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஆன்டிபாடி தென்படவில்லை. அதற்காகத் தடுப்பூசியே வீண் என்று எண்ண வேண்டாம். உடம்பில் 'டி' அணுக்கள் என்ற இன்னொரு காவல்படை உண்டு. ஆன்டிபாடி வராதவர்களில் பலருக்கும் அந்தப் படை தடுப்பூசியால் பயிற்சி பெறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் எதிர்ப்பாற்றல் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதைப் பொறுத்தே அது அமையும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் எடுக்கும் லூப்பஸ் நோயாளியும், ரிட்டுக்ஸிமாப் எடுக்கும் லூப்பஸ் நோயாளியும் ஒரே தட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு மருந்தின் கதை

2021 டிசம்பர் 8ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எவுஷெல்ட் என்ற மருந்துக்கு அவசரகால அனுமதி வழங்கியது. இரண்டு ஆன்டிபாடிகள், இரண்டு ஊசிகள். கொவிட் வருவதற்கு முன்பே, தடுப்பூசி போதிய பலன் தராதவர்களுக்குக் காப்பாகப் போடுவது. அதன் ஆய்வில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அறிகுறியுடன் நோய் வருவது 77 விழுக்காடு குறைந்தது என்று செய்தி வந்தது.

77 விழுக்காடு என்றதும் நூறு பேரில் எழுபத்தேழு பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி அன்று. அந்த ஆய்வில், மருந்து பெறாத ஆயிரம் பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு நோய் வந்தது. மருந்து பெற்ற ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்தது. பத்து இரண்டானது நல்ல பலன்தான். உங்களுக்கு நோய் வந்தால் உயிருக்கே ஆபத்து என்றால் அது மிகப் பெரிய பலன். லேசாக வந்து போகும் என்றால் சிறிய பலன். ஒரே எண், ஆளுக்கேற்ப அதன் மதிப்பு மாறுகிறது.

அதே மருந்தைப் பற்றி இன்னொரு எண்ணும் உண்டு. இதயம் தொடர்பான கடுமையான பாதிப்பு, மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 0.2 விழுக்காட்டினருக்கும் பதிவானது. அவர்கள் ஏற்கெனவே இதய நோயோ அதற்கான காரணங்களோ உள்ளவர்கள். மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் மாரடைப்பு வந்தவர் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். கிருமி உருமாறிக்கொண்டே போனது. 2022 பிப்ரவரியில் அளவை இரட்டிப்பாக்கினார்கள். 2023 ஜனவரி 26ஆம் தேதி, பரவிக்கொண்டிருந்த கிருமிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இந்த மருந்துக்குக் கட்டுப்படாதவை என்று கூறி, அனுமதியையே நிறுத்திவைத்தார்கள். மருந்து கெட்டுப்போகவில்லை. பூட்டை மாற்றிவிட்டார்கள், பழைய சாவி கையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் பெம்கார்டா என்ற அடுத்த மருந்துக்கு அமெரிக்காவில் அவசரகால அனுமதி கிடைத்தது. இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த பிறகும் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஏனென்றால் ஆய்வில் பெற்ற 623 பேரில் நால்வருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது. எத்தனை பேருக்கு நோய் வராமல் தடுத்தது என்று எண்ணிப் பார்த்து இந்த அனுமதி தரப்படவில்லை. கிருமியை முறியடிக்கும் ஆற்றல் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை முந்தைய ஓர் ஆன்டிபாடியுடன் ஒப்பிட்டே தரப்பட்டது. 2025 ஜனவரியில் ஐரோப்பாவில் சிபவிபார்ட் என்ற மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் ஆய்வில் எல்லா வகைக் கிருமிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் சுமார் 35 விழுக்காடு. ஒரு குறிப்பிட்ட உருமாற்றம் உள்ள கிருமிகளிடம் அது எடுபடுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

இனி ஒரு குடும்பக் கதை. என் தங்கை மகள் திருமணமாகி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கியதால் மைகோஃபெனோலேட்டுடன் ரிட்டுக்ஸிமாப்பும் எடுத்தார். மூன்று தடுப்பூசிக்குப் பிறகும் ஆன்டிபாடி இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். 2022இல் எவுஷெல்ட் கிடைத்தது, போட்டுக்கொண்டார். அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுத்த காலம் அது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மருந்து நின்றது. கையில் இருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டது போல இருக்கிறது என்றார். ஓராண்டுக்கும் மேல் வீடு, முகக்கவசம், திறந்த சன்னல் என்றே இருந்தார்.

2024இல் பெம்கார்டா வந்ததும் மருத்துவர் பேச்செடுத்தார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் இதே பேச்சுதான். என் தங்கை, "ஒவ்வாமை என்கிறார்களே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இங்கிருந்து என்ன செய்வேன்?" என்று அழுதார். மருமகன், "கொவிட் வந்து சிறுநீரகம் போனால் என்ன செய்வது?" என்றார். இருவர் சொன்னதும் நியாயம்தான். எல்லோரும் பேசி முடித்த பிறகு அந்தப் பெண் கேட்டார்: "மாமா, எல்லாரும் ஊசியால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். ஊசி போட்டால் இப்போது செய்ய முடியாத எதை நான் செய்ய முடியும் என்று யாரும் கேட்கவில்லையே?"

அதன் பிறகுதான் பேச்சு சரியான வழியில் போனது. அவருக்கு ஓர் ஆசை. எண்பத்தெட்டு வயதான எங்கள் தாயாரை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பதினெட்டு மணி நேர விமானப் பயணம், இரு விமான நிலையங்கள், இங்கே நிறைந்த வீடு. அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் காப்பு வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. முன்பு தடுப்பூசியிலோ மருந்திலோ கடும் ஒவ்வாமை வந்ததில்லை. காப்புறுதி ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் பல ஆயிரம் டாலர் ஆகியிருக்கும். ஏற்றிக்கொண்டார், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. முகக்கவசத்தைக் கழற்றாமலேயே வந்தார். மூன்று வாரம் எங்கள் தாயாரின் பக்கத்தில் இருந்தார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த தவணைக்கான நாள் வந்தது. அதற்குள் ரிட்டுக்ஸிமாப் நிறுத்தி ஓராண்டுக்கும் மேலாகி, 'பி' அணுக்கள் திரும்பிவிட்டதைப் பரிசோதனை காட்டியது. மருத்துவரும் அவரும் பேசி, அடுத்த தவணை வேண்டாம், இனித் தடுப்பூசியே போதும் என்று முடிவு செய்தார்கள். நாளை மறுபடியும் ரிட்டுக்ஸிமாப் தேவைப்பட்டால் முடிவும் மாறலாம். ஒரு முறை எடுத்த முடிவு ஆயுளுக்கும் ஆனதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பிள்ளைகளைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது: நான் எடுக்கும் மருந்துகள் என் எதிர்ப்பாற்றலை எந்த அளவுக்குக் குறைக்கின்றன? தடுப்பூசிக்கு என் உடம்பு பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறதா?

இரண்டாவது: எனக்கேற்ற முன்காப்பு ஆன்டிபாடி ஏதேனும் இந்நாட்டில் இப்போது கிடைக்கிறதா? இப்போது பரவும் கிருமிக்கு அது வேலை செய்கிறதா? சென்ற ஆண்டுப் பதில் இந்த ஆண்டுக்கு உதவாது.

மூன்றாவது: என் ஒவ்வாமை வரலாறு, இதய வரலாறு இவற்றை வைத்துப் பார்த்தால் எனக்கு ஆபத்து எவ்வளவு? கொவிட் தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தடுப்பூசியில் உள்ள சில பொருள்களும் இந்த மருந்துகளில் உள்ள பாலிசார்பேட் 80 என்ற பொருளும் ஒன்றுக்கொன்று உறவுடையவை.

நான்காவது: எத்தனை மாதம் தாங்கும், மொத்தச் செலவு எவ்வளவு, யார் கட்டுவது?

ஐந்தாவது: தடுப்பூசியும் வேண்டும் என்றால் எது முதலில்? எவுஷெல்ட், பெம்கார்டா இரண்டுக்குமே, தடுப்பூசி போட்டபின் குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்பதுதான் விதி.

ஆறாவது: எனக்கு இது தேவையில்லை என்றால், நோய் வந்த அன்று நான் என்ன செய்ய வேண்டும்?

நம் வீடுகளில் எழும் கேள்விகள்

"இது எதிலிருந்து செய்கிறார்கள்?" என்று நம்மவர்கள் கேட்பது இயல்பு. கேட்பதில் வெட்கமில்லை. நான் சொன்ன எவுஷெல்ட்டும் பெம்கார்டாவும் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஒரு வகை வெள்ளெலி அணுக்களில் உருவாக்கப்படுபவை. பன்றியிலிருந்து எடுக்கப்படும் புரதங்கள் அல்ல. மற்றச் சேர்மானங்களின் பட்டியலை மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். தீர்ப்பு கூறுவது உலமாக்களின் பொறுப்பு. கொவிட் தடுப்பூசியைப் பற்றி 2020 டிசம்பரில் முயிஸ் அனுமதி தெரிவித்ததையும், நோன்பிருக்கும்போது தடுப்பூசி போட்டால் நோன்பு முறியாது என்று பிறகு விளக்கியதையும் நீங்கள் அறிவீர்கள். நரம்பில் ஏற்றும் மருந்துக்கு அந்த விளக்கத்தை நாமே நீட்டிக்கொள்ளாமல், தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

"அல்லாஹ் காப்பான், ஊசி எதற்கு?" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழி நம் மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கட்டும் கயிறு எது என்பதில்தான் நாம் ஆலோசனை கேட்கிறோம்.

ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அது உயிருள்ள கிருமி கொண்டதல்ல. ஆனால் தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியைக் கொண்டவை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஆன்டிபாடி இல்லாமலும் செய்யக்கூடியவை

இந்த மருந்து கிடைக்காது, அல்லது உங்களுக்குப் பொருந்தாது என்று வந்தால் கை கட்டி உட்கார வேண்டியதில்லை.

தடுப்பூசிக்கான நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள், அடுத்த தவணை வரவிருக்கும் நேரத்தில் தடுப்பூசி போட்டு, அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்தை ஏற்றிக்கொள்வது நல்லது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், நோய் அடங்கியிருந்தால், சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு வாரம் அதை நிறுத்திவைக்கலாமா என்று கேட்கலாம். கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குறிப்பாக, நீண்ட நாள் எடுத்த பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கொவிட் வந்தால் பேக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். எனவே, "நாளை பார்க்கலாம்" என்று இருக்காமல் அன்றே பரிசோதித்து, அன்றே அழையுங்கள். ஆனால் அந்த மாத்திரை டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் அபாயகரமாக ஏற்றிவிடும். சில கொழுப்பு மாத்திரைகளோடும் மோதும். மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

மற்றது நம் கையில் இருக்கிறது. அவருக்குத் தடுப்பூசி பிடிக்கவில்லை என்றால், அவரைச் சுற்றியுள்ள நாம் போட்டுக்கொள்வோம். லூப்பஸ் உள்ள பெண் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பார். "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே, எதுக்கு முகத்தை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?" என்று கல்யாண வீட்டில் கேட்காதீர்கள். அவர் கைகொடுக்காமல் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருமல் இருந்தால் அன்றைய விருந்துக்கு வராமல் இருப்பதும் உறவைப் பேணுவதுதான்.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களிலும் இஃப்தார் நிகழ்ச்சிகளிலும் காற்றோட்டமான இடத்தில், வாசலுக்கு அருகே, சில நாற்காலிகளை இவர்களுக்காக ஒதுக்குங்கள். உணவைத் தனியாகப் பொட்டலமாக வாங்கிச்செல்ல வழி செய்யுங்கள். பெரிய செலவில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஜனாஸாவுக்கும் நிக்காஹ்வுக்கும் ஓடி வந்து நின்ற சங்கம் இது. கூட்டத்துக்கு வர அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடும் உறுப்பினரையும் நினைத்துப் பார்க்கும் சங்கமாக அடுத்த ஐம்பது ஆண்டுகளும் அது இருக்கட்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும், முடிவெடுப்போருக்குத் தெளிவையும் தருவானாக. ஆமீன்.